கேமரா யாருக்காகத் திரும்புகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம்களில் பெண் பாத்திரங்கள் சித்திரிக்கப்படும் விதம் குறித்து இம்முறை கடிதங்கள் அதிகமாக வந்திருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இப்பக்கங்கள் முழுவதையும் அப்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்த கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாசகி, கோயம்புத்தூர்: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘ஸ்டெல்லர் பிளேட்’ என்ற விளையாட்டை விளையாடுகிறான். அதன் நாயகியின் உடையைப் பார்த்து நான் முகம் சுளித்தபோது, இதைப் பற்றி உலகமே சண்டை போட்டு ஓய்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரிக்கிறான். அப்படி என்ன சண்டை நடந்தது?

சண்டை நடந்தது உண்மை. ஓய்ந்துவிட்டது என்பது உங்கள் மகனின் விருப்பம். தென்கொரியாவின் ஷிஃப்ட் அப் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2024 ஏப்ரல் 26 அன்று பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு வெளியானது. அதன் இயக்குநர் கிம் ஹியுங் டே, ஓவியராகப் பெயர் எடுத்த பிறகு இயக்கத்துக்கு வந்தவர். மிகைப்படுத்திய பெண்ணுடல்களே அவருடைய ஓவியங்களின் அடையாளம். நாயகி ஈவின் உடல், ஷின் ஜே யுன் என்ற கொரிய மாடலின் உடலை ஸ்கேன் செய்து அதன் அடிப்படையில் அமைக்கப்பட்டது. விளையாடுபவர் பெரும்பாலான நேரம் நாயகியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் அந்தப் பக்கத்தின் வடிவமைப்பில் தனிக் கவனம் செலுத்தியதாக இயக்குநரே ஒளிவுமறைவின்றிப் பேட்டியில் சொன்னார். இந்த வெளிப்படைத்தன்மைக்காக அவரைப் பாராட்டுவதா கண்டிப்பதா என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்தது.

வெளியாவதற்கு முன்பே, விளையாட்டுச் செய்திகள் தரும் ஐஜிஎன் பிரான்ஸ் தளத்தில் வந்த ஒரு கட்டுரை, பெண் ஒருத்தியையே நேரில் பார்த்திராத ஒருவர் வடிவமைத்ததைப் போல இந்தப் பாத்திரம் இருப்பதாகக் கேலி செய்தது. இயக்குநரின் மனைவியே விளையாட்டுத் துறையில் ஓவியர் என்பதை ரசிகர்கள் எடுத்துக்காட்டிக் கொதிக்க, அத்தளம் வருத்தம் தெரிவித்தது. பாத்திரத்தை விமர்சிக்கும் உரிமை யாருக்கும் உண்டு. அதை உருவாக்கியவரின் சொந்த வாழ்க்கையை ஊகித்து எழுதியது மலிவான வேலை, அதனால் விமர்சனத்தில் இருந்த நியாயமும் சேர்ந்து அடிபட்டது. அடுத்து, எல்லா நாடுகளிலும் தணிக்கையில்லாத ஒரே வடிவம்தான் வெளியாகும் என்று அறிவித்திருந்த நிறுவனம், வெளியான நாளன்றே வழங்கிய புதுப்பிப்பில் சில உடைகளின் மார்புப் பகுதியில் கூடுதலாகத் துணி சேர்த்திருப்பதை வாங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். பழைய உடையைத் திருப்பித் தரக் கோரி இணையத்தில் தொடங்கிய மனுவில் பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மாற்றிய வடிவமே தாங்கள் இறுதியாகத் தர விரும்பியது என்று இயக்குநர் பதில் அளித்தார்.

உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டில் உடலோடு ஒட்டிய, ஏறத்தாழ உடையே அணியாத தோற்றம் தரும் ஓர் ஆடை இருக்கிறது; அதை அணிந்தால் ஈவின் பாதுகாப்புக் கவசம் செயலிழந்துவிடும், எதிரியின் அடி நேராக உயிரில் விழும். உடை குறையக் குறைய ஆட்டம் கடினமாகும் என்ற இந்த விதியை எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்கள் என்று அவர் என்ன சொல்கிறார், பார்ப்போம்.

வாசகர், சென்னை: நம் சினிமாவில் இல்லாத கவர்ச்சியா? திரையில் பார்த்துப் பழகிய ஒன்று கேமில் வந்தால் மட்டும் ஏன் இத்தனை விவாதம்?

சினிமாவில் கேமராவை எங்கே வைப்பது என்பதை இயக்குநர் தீர்மானிக்கிறார். பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கிறார், பிடிக்காவிட்டால் எழுந்து போகிறார். வீடியோ கேமில் கேமரா உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. அதை எங்கே திருப்பினால் என்ன கிடைக்கும், திருப்பாவிட்டால் எதை இழப்பீர்கள் என்பதை விதிகளாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பாத்திரம் கவர்ச்சிப் பொருளாக்கப்பட்டிருக்கிறதா என்று தீர்மானிக்கத் துணியின் நீளத்தை அளப்பதைவிட, அந்த விளையாட்டு எதற்குப் பரிசு தருகிறது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. இந்த விவாதத்தில் இரு தரப்பும் அதிகம் பேசாத இடமும் இதுதான்.

சான்றுகள் நாற்பதாண்டு நீளத்துக்கு இருக்கின்றன. நின்டெண்டோ 1986-இல் வெளியிட்ட ‘மெட்ராய்டு’ விளையாட்டில், தலை முதல் கால் வரை கவசம் அணிந்து வேற்றுக்கிரகத்தில் போரிடும் சாமஸ் ஆரன் ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியவரும். பெண் நாயகிகள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில் அது துணிச்சலான திருப்பம் என்று இன்றும் கொண்டாடப்படுகிறது, கொண்டாடத் தகுந்ததும்கூட. ஆனால் அந்தத் திருப்பம் எப்படித் தரப்படுகிறது? ஆட்டத்தை எவ்வளவு விரைவாக முடிக்கிறீர்களோ அந்த அளவுக்கு இறுதிக் காட்சியில் சாமஸின் உடை குறையும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினியில் நிற்பாள். அத்தனை நேரம் நீங்களாகவே இருந்த பாத்திரம், கடைசி நொடியில் உங்களுக்குத் தரப்படும் பரிசாக மாறிவிடுகிறது.

போலந்தின் சிடி புராஜெக்ட் 2007-இல் வெளியிட்ட ‘தி விட்சர்’ முதல் பாகத்தில், நாயகன் உறவுகொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படச்சீட்டு கிடைக்கும், சீட்டுகளைச் சேர்த்துவைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தில் அந்த வழக்கத்தை நிறுவனமே கைவிட்டது. 2017-இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’ இன்னும் சிக்கலானது. அதன் நாயகி 2பி ஓர் இயந்திர மனுஷி. கேமராவை அவளுடைய பாவாடைக்குக் கீழே கொண்டுபோக முயன்றால் அவள் அதைத் தட்டிவிடுவாள். ஆனால் பத்து முறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் ‘என்ன செய்கிறாய்?’ என்ற பெயரில், சாதனைக்குத் தரப்படும் மெய்நிகர்க் கோப்பை ஒன்று உங்கள் கணக்கில் சேரும். கண்டிப்பதுபோலக் கண்டித்துக்கொண்டே பரிசையும் கையில் திணிக்கும் இந்தக் குறும்பை ரசிப்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டின் கதை, உயிர் என்றால் என்ன, நினைவு என்றால் என்ன என்று கேட்கும் ஆழமான கதை. அதை எழுதிய யோகோ டாரோவிடம் நாயகியின் தோற்றம் பற்றிக் கேட்டபோது, தமக்குப் பெண்களைப் பிடிக்கும் என்பதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வளைத்து வளைத்துக் காரணம் சொல்பவர்களைவிட இவர் எவ்வளவோ தேவலை.

வளைத்துக் காரணம் சொன்னதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தேவையென்றால் ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ கோஜிமாவின் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ இருக்கிறது. அதில் வரும் குவயட் என்ற துப்பாக்கி வீராங்கனை போர்க்களத்தில் கிட்டத்தட்டப் பிகினியில் திரிகிறாள். 2013-இல் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, காரணம் தெரியவரும் நாளில் விமர்சித்தவர்கள் தங்கள் சொற்களுக்காக வெட்கப்படுவார்கள் என்று கோஜிமா ட்விட்டரில் எழுதினார். 2015-இல் விளையாட்டு வந்தது. அவள் தோலின் வழியாகச் சுவாசிக்கிறாள், அதனால் உடை அணிய முடியாது என்பதே காரணம் என்று தெரிந்தது. வெட்கப்பட்டவர்கள் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. கதைக்குள் எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்தக் காரணத்தையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தானே எழுதினார்?

வாசகர், மதுரை: லாரா கிராஃப்ட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அவள் பெண்ணியச் சின்னமா, ஆண்களின் கனவா?

உங்கள் தலைமுறைக்கு அவள் இரண்டாகவும் இருந்தாள் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் லாராவின் வரலாற்றில் விளையாட்டையும் விளம்பரத்தையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதால், அதைச் செய்து பார்ப்போம்.

இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் என்ற சிறிய நிறுவனத்தில், டோபி கார்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் உருவாக்கிய பாத்திரம் அவள். முதலில் ஓர் ஆண் சாகசக்காரனாகத் திட்டமிடப்பட்டு, பிறகு லாரா குரூஸ் என்ற தென்னமெரிக்கப் பெண்ணாக மாறி, கடைசியில் ஆங்கிலேயச் சீமாட்டி லாரா கிராஃப்ட் ஆனாள். 1996-இல் ‘டூம் ரெய்டர்’ வெளியானபோது, தனியாகக் குகைகளில் இறங்கி, புதிர்களை விடுவித்து, ஓநாய்களையும் டைனோசரையும் சுட்டு வீழ்த்தும் அவளுக்கு யாருடைய காதலும் காப்பாற்றலும் தேவைப்படவில்லை. அந்த ஆட்டத்துக்குள் அவளுடைய உடல் ஓடுகிறது, தாவுகிறது, தொங்குகிறது. நீங்கள் வெல்வது அவள் திறமையால், அதாவது உங்கள் திறமையால். அக்காலக் கணினி வரைகலையில் முக்கோணங்களால் கட்டப்பட்ட அந்த மார்பு நகைப்புக்குரியது என்பதை ஒப்புக்கொண்டாலும், விதிகளுக்குள் அவள் யாருக்கும் பரிசுப்பொருள் இல்லை.

விளையாட்டுக்கு வெளியே நடந்தது வேறு. வெளியீட்டாளரான ஐடாஸ் நிறுவனம் அவளைச் சுவரொட்டிகளிலும் பத்திரிகைகளிலும் கவர்ச்சிப் படங்களாகப் பரப்பியது. 1997-இல் ‘தி ஃபேஸ்’ இதழின் அட்டையில் லாரா வந்தாள், குளிர்பான விளம்பரத்திலும் நடித்தாள். அவளை நிர்வாணமாக்கும் மென்பொருள் ஒட்டு ஒன்றை ரசிகர்கள் உருவாக்கிப் பரப்ப, அதை வைத்திருந்த தளங்களுக்கு ஐடாஸ் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று. தாம் உருவாக்கிய பெண் விற்கப்படும் விதம் பிடிக்காமல், வெற்றியின் உச்சத்தில் 1997-இலேயே டோபி கார்ட் நிறுவனத்தை விட்டு விலகினார். அவரைவிடச் சிறந்த சாட்சி இந்த வழக்குக்குக் கிடையாது.

2013-இல் ரியானா பிராட்செட்டைத் தலைமை எழுத்தாளராகக் கொண்டு கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவைப் புதிதாகப் படைத்தது. உடலளவு இயல்பானது, குட்டைக் கால்சட்டை போய் முழுக்கால்சட்டை வந்தது. ஆனால் முந்தைய ஆண்டில் அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் கொடுத்த பேட்டியில், விளையாடுபவர்கள் தங்களை லாராவாக நினைப்பதைவிட அவளைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைப்பார்கள் என்ற பொருளில் பேசிக் கண்டனங்களை வாங்கிக்கொண்டார். உடலைத் திருத்தியவர்கள் விளையாடுபவருக்கும் நாயகிக்கும் உள்ள உறவைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்களே என்று அப்போது பலரும் கேட்டார்கள். குட்டைக் கால்சட்டை லாராவை யாரும் பாதுகாக்க நினைத்ததில்லை.

வாசகி, திருச்சிராப்பள்ளி: எனக்கு ‘பேயோனெட்டா’ மிகவும் பிடிக்கும். அவளை வடிவமைத்தவரும் ஒரு பெண்தானே? பெண்களுக்கே பிடித்திருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன?

ஆம், 2009-இல் வந்த ‘பேயோனெட்டா’வின் தோற்றத்தை வடிவமைத்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண் ஓவியர், இயக்கியவர் ஹிடேகி காமியா என்ற ஆண். தன் கூந்தலையே உடையாக அணிந்திருக்கும் சூனியக்காரி அவள். பெரிய தாக்குதல்களுக்குக் கூந்தலைப் பயன்படுத்தும்போது உடை கலையும், கேமராவும் தயங்காமல் அங்கே பாயும்.

வடிவமைத்தவர் பெண் என்பது மட்டும் விவாதத்தை முடித்துவிடாது. ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தால் எதுவும் சரி என்றால், ஓர் ஆணின் கையெழுத்து இருந்தால் எல்லாமே தவறு என்றும் சொல்ல வேண்டிவரும். பேயோனெட்டாவைப் பல பெண்கள் விரும்புவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்த உலகத்தில் காமம் அவளுடைய ஆயுதம், அவளுடைய கேலி. எதிரில் நிற்கும் தேவதூதர்களைத் துவம்சம் செய்துகொண்டே தன்னைப் பார்ப்பவரையும் கிண்டல் செய்கிறாள். மற்ற விளையாட்டுகளில் கேமரா பெண்ணை ஒளிந்து பார்க்கிறது, இவளோ கேமராவை அழைத்துத் தன்னைப் பார்க்கச் சொல்கிறாள் என்று அவளுடைய ரசிகைகள் எழுதியிருக்கிறார்கள். இதற்கு மறுப்பும் உண்டு: அவள் அழைப்பதாக எழுதியதும் அந்த ஸ்டூடியோவே. நான் ரசிகைகளின் பக்கம்தான் சாய்வேன், ஆனால் மறுப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வாசகர், சேலம்: ஆண் பாத்திரங்களும் சட்டை இல்லாமல், மலைபோன்ற தசைகளோடுதான் வருகிறார்கள். அது மட்டும் கவர்ச்சி இல்லையா?

‘காட் ஆஃப் வார்’ நாயகன் கிரேட்டோஸ் சட்டை அணிவதில்லை என்பது சரி. அவனுடைய தசைகள் யாரை, எதற்காக ஏங்கச் செய்கின்றன என்று யோசியுங்கள். விளையாடும் ஆணுக்கு அப்படி ஆக வேண்டும் என்ற ஆசையை அவை தூண்டுகின்றன. நடந்து போகும்போது அவன் இடுப்பின் மீது கேமரா தங்கி நிற்பதில்லை. அதே தொடரின் தொடக்கப் பாகங்களில் பெண்களோடு கிரேட்டோஸ் படுக்கும் குறுவிளையாட்டுகள் இருந்தன, சரியான பொத்தான்களை அழுத்தினால் புள்ளிகள் கிடைக்கும்.

ஆண்களும் பெண்களும் ஒரே அளவுக்கு அழகாக, ஒரே அளவுக்கு ஆடை குறைவாக வரும் விளையாட்டு வேண்டுமென்றால் 2020-இல் வந்த ‘ஹேடிஸ்’ இருக்கிறது. கிரேக்கத் தெய்வங்கள் அத்தனை பேரும் கண்ணைப் பறிக்கிறார்கள். இந்த விவாதத்தில் முன்னணியில் நிற்கும் விமர்சகர்கள் பலர் அதைக் கொண்டாடவே செய்தார்கள் என்பதால், அவர்களுக்கு அழகின் மீதே வெறுப்பு என்ற குற்றச்சாட்டு நிற்காது.

வாசகர், பெங்களூரு: இப்போது பெண் பாத்திரங்களை வேண்டுமென்றே அசிங்கமாக்குகிறார்கள் என்று யூடியூபில் பலர் பேசுகிறார்களே?

அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. ‘ஹொரைசன்’ தொடரின் நாயகி ஏலாயின் கன்னத்தில் மெல்லிய ரோமம் தெரிந்தது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் ஏபி என்ற பெண்ணுக்குத் தடித்த புஜங்கள் இருந்தன. வெயில் படும் எந்த மனிதக் கன்னத்திலும் பூனைமுடி தெரியும், அதை வரைய முடிந்தது புதிய கருவிகளின் திறமை. ஏபியின் உடலோ கற்பனையே இல்லை, கிராஸ்ஃபிட் எனும் உடற்பயிற்சிப் போட்டிகளில் பங்கேற்கும் கோலீன் ஃபோட்ஷ் என்ற வீராங்கனையின் உடல். அப்படியொரு பெண் இருக்கவே முடியாது என்று வாதிட்டவர்கள் இருக்கும் ஒருவரைப் பார்த்து வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கு 2020-இல் கொலை மிரட்டல்கள் வந்தன. அதற்கு முதன்மையான காரணம் கதையில் ஏபி செய்யும் ஒரு கொலை. எனினும் உடலைப் பற்றிய வசையும் அந்தக் கோபத்தோடு கலந்தே வந்தது.

எதிர்த்தரப்பிலும் கேலிக்குரியவை நடந்திருக்கின்றன. பிலிஸார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தில் பெண் ஊழியர்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கலிபோர்னிய மாநில அரசு 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அந்நிறுவனம் தன் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் மூலையொன்றில் தொங்கிய பெண் ஓவியத்தை எடுத்துவிட்டுப் பழக்கூடை ஓவியத்தை மாட்டியது. அலுவலகத்தில் இருந்த புகாருக்குச் சுவரில் பழம் வைத்த இந்தத் தீர்வைப் பார்த்து, வழக்கமாக எதிரெதிராக நிற்கும் இரு தரப்பும் சேர்ந்து சிரித்தன.

வாசகி, தஞ்சாவூர்: இத்தகைய பாத்திரங்களைப் பார்ப்பதால் ஆண்களின் மனப்போக்கு கெடும் என்பதற்கு அறிவியல் சான்று உண்டா?

நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்பதே நேர்மையான பதில். முதலில், எவ்வளவு கவர்ச்சி இருக்கிறது என்ற கணக்கை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். டெரெசா லிஞ்சும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 1983 முதல் 2014 வரை வெளிவந்த விளையாட்டுகளில் விளையாடக்கூடிய 571 பெண் பாத்திரங்களை எடுத்துப் பார்த்தார்கள். கவர்ச்சிச் சித்திரிப்பு 1990-களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்திருப்பதையும், சண்டை விளையாட்டுகளில் அது மிகுதியாக இருப்பதையும், முதன்மைப் பாத்திரங்களைவிடத் துணைப்பாத்திரங்களே அதிகம் கவர்ச்சியாக்கப்படுவதையும் கண்டார்கள். கடைசியாகச் சொன்னது கவனிக்க வேண்டியது: கதையில் வேலை குறையும்போது உடையும் குறைகிறது.

விளைவு பற்றிய ஆய்வுகளில் முரண் உண்டு. ஜெசி ஃபாக்ஸும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட சோதனையில், தங்கள் முகத்தையே கொண்ட கவர்ச்சியான மெய்நிகர் உடலில் சற்று நேரம் இருந்த பெண்கள், தங்கள் உடலைப் பற்றி அதிகம் எண்ணத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரையே குறைசொல்லும் கருத்துகளை ஏற்கும் போக்கும் அவர்களிடம் கூடியது. மறுபக்கம், ஜெர்மனியில் 824 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, விளையாடும் நேரத்துக்கும் பெண்களைத் தாழ்வாகக் கருதும் மனப்போக்குக்கும் தொடர்பைக் காணவில்லை. கிறிஸ்டோபர் ஃபெர்குசனும் குழுவினரும் 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கவர்ச்சிச் சித்திரிப்பால் தீங்கு நேர்கிறது என்ற முடிவுக்கு வர இயலவில்லை. ஜெர்மானிய ஆய்வு எவ்வளவு நேரம், எந்த வகை விளையாட்டு என்பதைக் கேட்டதே தவிர, ஒவ்வொருவரும் எத்தகைய பாத்திரங்களைப் பார்த்தார்கள் என்பதை அளக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ‘இதைப் பார்த்தால் பையன் கெட்டுவிடுவான்’ என்று அறிவியலின் பெயரால் பேசுபவர்கள் கையில் இல்லாத சான்றை நீட்டுகிறார்கள். ஆனால் தீங்கு நிரூபணமாகவில்லை என்பதால் விமர்சனமே செல்லாது என்பதும் விசித்திரமான வாதம். ஒரு நாவலில் பெண்கள் அட்டைப் பொம்மைகளாக வருகிறார்கள் என்று சொல்ல, அதைப் படித்து யாருக்கு நோய் வந்தது என்று நாம் கேட்பதில்லை.

வாசகர், திருநெல்வேலி: அனிதா சர்கீசியன் போன்ற பெண்ணியவாதிகள் வந்துதான் விளையாட்டுகளைக் கெடுத்தார்கள் என்கிறார்களே?

ஊடக விமர்சகரான சர்கீசியன் செய்தது என்னவென்றால், விளையாட்டுகளில் பெண்கள் எந்தெந்த அச்சுகளில் வார்க்கப்படுகிறார்கள் என்று விளக்கும் காணொளித் தொடருக்காக 2012-இல், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 6,000 டாலர் கேட்டார். ஒரு காணொளிகூட வெளியாவதற்கு முன்பே வசைமழை தொடங்கியது. அவருடைய படத்தை அடித்துக் காயப்படுத்தும் விளையாட்டு ஒன்றைக்கூட ஒருவர் செய்து வெளியிட்டார். அந்த வசையைக் கண்டு கோபப்பட்டவர்கள் அள்ளிக்கொடுக்க, 1,58,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தப்போவதாக மிரட்டல் வந்தது. அம்மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியோடு அரங்குக்குள் வருவதைத் தடுக்க முடியாது என்று சொல்லப்பட்டதால் அவர் பேச்சை ரத்து செய்தார். காணொளிகளில் சில விளையாட்டுகளை அவர் அவசரமாகப் படித்திருக்கிறார் என்ற குறையை நானும் சொல்வேன். அதற்கான பதில் இன்னொரு காணொளியாக இருந்திருக்க வேண்டும்.

இத்தகைய கொதிப்பு அமெரிக்காவோடு நிற்கவில்லை. கொரியாவில் 2016 ஜூலையில் நெக்சான் என்ற விளையாட்டு நிறுவனம் ‘குளோசர்ஸ்’ விளையாட்டில் குரல் கொடுத்த நடிகையை நீக்கியது. ‘பெண்களுக்கு இளவரசன் தேவையில்லை’ என்று அச்சிட்ட டி-ஷர்ட்டோடு அவர் படம் வெளியிட்டதும், அதை விற்றது ஒரு பெண்ணியக் குழு என்று ஆண் ரசிகர்கள் கொதித்ததுமே காரணம். கலைச் சுதந்திரம் பற்றி அந்தக் கொதிப்பில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: அப்படியானால் இத்தகைய விளையாட்டுகளைத் தடை செய்யலாமா?

கூடாது. மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன், வேறுபாடு விளங்கும்.

2016 மார்ச்சில், சோதனைக் கட்டத்தில் இருந்த ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டில், டிரேசர் என்ற துடுக்கான வீராங்கனை வெற்றிபெற்றதும் பின்புறத்தைக் காட்டித் திரும்பி நிற்கும் ஒரு நிலை இருந்தது. அது அவளுடைய குணத்துக்குப் பொருந்தவில்லை என்று, பெண் குழந்தைக்குப் பெற்றோரான ஒருவர் எழுதினார். இயக்குநர் ஜெஃப் காப்ளன் ஒப்புக்கொண்டு அதை நீக்கினார். தணிக்கை என்று கூச்சல் எழுந்தது. சில நாள்களில் வந்த புதிய நிலையும் பழைய அமெரிக்கக் கவர்ச்சிச் சுவரொட்டி ஒன்றைப் போலவே இருந்தது. ஆனால் அதில் டிரேசரின் குறும்பு இருந்ததால் பெரும்பாலோருக்குப் பிடித்தது. இது விமர்சனத்துக்குப் படைப்பாளி தந்த பதில்.

2022 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டில் நான்கு பெண் பாத்திரங்களின் உடை சீனாவில் மட்டும் மாற்றப்பட்டது. மற்ற நாடுகளில் பழைய உடையே தொடர்ந்தது. சீனாவில் விளையாடுபவருக்குத் தேர்வே இல்லை. மூன்றாவது, 2025 ஜூலையில் நடந்தது. பெண்கள் கவர்ச்சிப் பொருளாக்கப்படுவதை எதிர்க்கும் ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் என்ற அமைப்பு பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு அழுத்தம் கொடுக்க, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் பலவற்றை நீக்கியது. சிறு படைப்பாளிகளின் விளையாட்டுகளை விற்கும் இட்ச் தளமோ வயதுவந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் ஒரே இரவில் தேடலிலிருந்து மறைத்தது. பாலியல் வன்முறையைக் கேளிக்கையாக்கிய குப்பைகளோடு, தங்கள் சொந்த வாழ்க்கையின் காயங்களை எழுதிய பெண்களின் சிறு படைப்புகளும் சேர்ந்து மறைந்தன. கடன் அட்டை நிறுவனத்துக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலையும் இல்லை, அக்கறையும் இல்லை.

வாசகி, கும்பகோணம்: சேலை கட்டிய நாயகி எந்த விளையாட்டிலாவது உண்டா?

உண்டு. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. நீங்கள் அவளோடு சேர்ந்து இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வாசகர், ஈரோடு: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. புதிய விளையாட்டு கேட்கிறாள். வாங்கித் தருவதற்கு முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி ஆகிய அமைப்புகள் தரும் வயதுக் குறியீடுகள் பெட்டியிலும் இணையக் கடைகளிலும் இருக்கும். அவற்றோடு வரும் சிறு விளக்கத்தையும் படியுங்கள். நிர்வாணம், பாலியல் காட்சி ஆகியவை இருந்தால் அதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேமரா எங்கே தங்குகிறது என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. ‘மாஸ் எஃபெக்ட்’ இரண்டாம் பாகத்தில் மிராண்டா என்ற பெண் தன் குடும்பத் துயரத்தைச் சொல்லும்போது கேமரா அவளுடைய பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 2021-இல் மறுபதிப்பு செய்தபோது நிறுவனமே அத்தகைய கோணங்கள் சிலவற்றை மாற்றியது. முதல் பதிப்பின் எந்தக் குறியீடும் அதை எச்சரித்திருக்க வாய்ப்பில்லை.

எனவே யாரேனும் விளையாடிப் பதிவேற்றிய காணொளியை யூடியூபில் அரை மணி நேரம் பாருங்கள். முன்னோட்டக் காணொளி போதாது, அது விற்பதற்காக வெட்டி ஒட்டியது. இலவச விளையாட்டு என்றால் உடைகள் விற்கும் கடைப் பகுதியைத் தவறாமல் திறந்து பாருங்கள். கதையில் ஒழுங்காக இருக்கும் பாத்திரம் அங்கே பணத்துக்கு வேறு கோலத்தில் நிற்பதுண்டு. முடிந்தால் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். எந்தப் பாத்திரமாக விளையாட ஆசைப்படுகிறாள், ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணம் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம், அப்போது உடனே மறுத்துவிடாமல் இன்னும் சற்று நேரம் சேர்ந்து பாருங்கள்.